யோஹன்னாவின் கதவு

ரப்பர் பூட்சும் மீன் வெட்டும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு மேடைக்கு வரச் சொன்னபோதே ரிக்மோர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நாத்தனார் மகள் மாரெனின் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பொண்ணு மூன்று வருஷமாக இந்தப் படத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

"நீலத்துல புது கவுன் வாங்கிட்டு வந்திருக்கேன்டி. இதுக்குன்னே வாங்கினது," என்றாள் மாரெனிடம்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றான் தயாரிப்பாளர் தோர்கில்ட். "ஆனா இங்க எல்லாரும் கவுன்லதான் வந்திருக்காங்க. நீங்க வேலை செய்யற உடுப்புல நின்னா, அவங்களுக்குப் பாத்ததுமே புரிஞ்சிடும்."

"என்ன புரியும்?"

"நீங்க யாருன்னு."

"நான் ஏவால்டோட பொண்டாட்டி. அது பூட்ஸ்ல எழுதி ஒட்டியிருக்கா? வேலை முடிஞ்சா அதைக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுத்தான் நான் என் வீட்டுக்குள்ளயே காலெடுத்து வெப்பேன். அந்த நாத்தத்தோட கோபன்ஹேகன்ல கம்பளத்து மேல நடக்கணுமா?"

"அத்தை, ஏழே நிமிஷம். எனக்காக," என்றாள் மாரென்.

கடைசியில் பூட்சுக்குச் சம்மதித்தாள், ஏப்ரனுக்கு மாட்டேன் என்றுவிட்டாள். நீல கவுனுக்குக் கீழே வெள்ளை ரப்பர் பூட்ஸ். வாசலில் நின்ற பையன்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

படம் அவள் புருஷனைப் பற்றியது. மேற்குக் கடற்கரையில், காற்றடித்தால் பல்லிடுக்கில்கூட மணல் கடிபடுகிற துறைமுகம் அவர்களுடையது. ஏவால்டின் படகுக்கு யோஹன்னா என்று பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் அது ஏவால்டையும், கூட வேலைக்குப் போன பல்லெ என்ற பையனையும் கொண்டு மூழ்கியது. இரண்டு உடல்களும் கரை ஒதுங்கின. படகு நாற்பது மீட்டர் ஆழத்தில் இன்னும் கிடக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பின்தளத்துக்குப் புது இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏவால்ட் அதைத்தான் திட்டுவான். மூடினாலும் சட்டத்தோடு ஒட்டவில்லை, விரல் நுழைகிற இடுக்கு இருக்கிறது, மறுபடி கொண்டுபோய்க் காட்டணும் என்பான். கிறிஸ்துமஸுக்குள் இன்னும் இரண்டு நடை மீன் பிடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரிகள் கடற்கரை ஹோட்டலில் தங்கி, நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, வேலை அவசரத்தில் கதவைத் திறந்து போட்டு அலை உள்ளே ஏறியிருக்கலாம், படகோட்டியின் கவனக்குறைவாக இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள். ஊர் அதை அப்படித்தான் நடந்தது என்று படித்துக்கொண்டது. கீழே போய் அந்தக் கதவை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. பட்டறைக்காரன் ஒரு நாள் கூடக் கடை சாத்தவில்லை.

பல்லெயின் அம்மா கெர்தாவும் ரிக்மோரும் மீன் ஆலையில் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று தட்டைமீனின் சதை எடுப்பவர்கள். நாலு வருஷமாக கெர்தா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐஸ் தீர்ந்தால் பெட்டியைக் கத்தியின் பிடியால் இந்தப் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். கடையில் ரிக்மோர் நிற்கும் வரிசையில் நிற்கமாட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேல் கோபப்பட ரிக்மோருக்கும் மனசு வரவில்லை. தினமும் எட்டு மணி நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்தியை ஓட்டினாள். கதவு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று தெரிந்தால் ஒழிய இதற்கு விடிவு கிடையாது. மாரென் கேமராவோடு வந்து நின்று, படத்துக்குப் பணம் கிடைத்தால் முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்த்துவிடலாம் அத்தை என்று சொன்ன அன்றுதான் ரிக்மோர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். தோர்கில்ட் அவள் சமையலறையில் உட்கார்ந்து, அவள் பொரித்துப் போட்ட தட்டைமீனை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றுகொண்டே, "இறக்காம விடுவோமாங்க?" என்றான்.

அந்தப் பணத்துக்குத்தான் இங்கே வந்து நிற்கிறார்கள். பிட்ச் என்று அதற்குப் பெயர். பெரிய வட்ட மேஜை, சுற்றி பல நாட்டு டிவிக்காரர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வரிசையாக வந்து, ஏழு நிமிஷத்தில் தங்கள் கதையைச் சொல்லி, கொஞ்சம் படத்தையும் போட்டுக் காட்டிவிட்டு, மணி அடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரிக்மோருக்கு முன்னால் வந்தவன் சிறையிலிருக்கும் தன் தம்பியைப் பற்றிச் சொன்னான். பாதி வாக்கியத்தில் மணி அடித்துவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள்.

மாரெனின் துண்டுப் படம் ஓடியது. பழைய வீடியோவில் ஏவால்ட் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாயில் ரொட்டியோடு எதற்கோ சிரிக்கிறான். ரிக்மோர் கால் கட்டைவிரலைப் பூட்சுக்குள் மடக்கிக்கொண்டு நின்றாள். விளக்கு வந்ததும் டிவிக்காரர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருத்தர், மனசைத் தொட்டுடுச்சு என்றார். இன்னொருத்தர், எங்க நாட்டுல கடலே இல்ல, ஆனா எங்களுக்கும் இது புரியுது என்றார். மூன்றாமவர் இதில் பருவநிலை மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார். கடைசியில் ஜெர்மன் சேனல் ஒன்றின் ஃபிராவ் ஹெல்விக் என்ற அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுல நாங்க இருக்கோம்," என்றார்.

சனிக்கிழமைகளில் ஜெர்மன்காரர்களின் கோடை வீடுகளைக் கழுவிக் கழுவி ரிக்மோருக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும். நாங்க இருக்கோம் என்று காதால் கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது மீன் ஏலத்தில். அங்கே வாங்குகிறவன் என்னுது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மீன் அவனுடையது. அடுத்த நிமிஷம் விலை படுத்துவிட்டாலும், பெண்டாட்டி திட்டினாலும், அவன்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாயால் சொன்னது சொன்னதுதான். ஆகவே இடைவேளையில் ஆலைத் தோழி யூத்தெவுக்குப் போன் போட்டாள்.

"யூத்தெ, கிடைச்சிருச்சுடி. ஜெர்மன்காரி வாங்கிட்டா. கீழ போய்ப் பாக்கப் போறாங்க."

"அடி என் ராசாத்தி! நிஜமாவா?"

"நாங்க இருக்கோம்னு அத்தனை பேர் முன்னால சொன்னா."

"இரு இரு, நான் கத்தியைக் கீழ வெச்சிட்டு எல்லார்கிட்டயும் சொல்றேன்," என்று யூத்தெ போனை வைக்கக்கூட மறந்து கத்திக்கொண்டு ஓடியது இங்கே கேட்டது.

மாரெனிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கு ரிக்மோருக்குப் பிடிக்கவில்லை. "அத்தை, அது வந்து... மேல பேசலாம்னு அர்த்தம். இனிமேதான் பேச்சே," என்றாள்.

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே. இருக்கோம்னு எதுக்குச் சொல்றா?"

பேச்சு ஒரு சின்ன அறையில் நடந்தது. ஹெல்விக் அம்மாள் ரிக்மோரின் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "உங்க ஊருக்கு நான் எத்தனை கோடை வந்திருக்கேன் தெரியுமா? அந்த மணல்மேடு, அந்த வெளிச்சம்! அங்க வந்தாத்தான் எனக்கு மூச்சே விட முடியுது." இவள் குளித்துவிட்டுப் போன தொட்டியை நான் கழுவியிருப்பேன் போலிருக்கே என்று ரிக்மோர் நினைத்தாள்.

அம்மாள் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "கடலுக்குள்ள இறங்கிப் பாக்கிற பகுதி இருக்கில்ல, அது வேண்டாம்னு எனக்குத் தோணுது. செலவுக்காகச் சொல்லல, தப்பா நினைக்காதீங்க. விடை கிடைச்சிட்டா இது ஒரு விசாரணைப் படமாயிடும். கிடைக்காம இருந்தாத்தான் கலை. பாக்கிறவங்க வீட்டுக்குப் போயும் யோசிச்சிட்டே இருக்கணும்."

"அவங்க வீட்டுக்குப் போய் யோசிப்பாங்க," என்றாள் ரிக்மோர். "நான் என் வீட்டுக்குப் போய் என்ன பண்றது?"

அந்த அம்மாள் வருத்தமாகத் தலையை ஆட்டினார். ரிக்மோர் தோர்கில்ட்டைப் பார்த்தாள். அவன் குறிப்பு எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டு, "திறந்த முடிவு. ரொம்ப நல்ல யோசனை. நாங்களும் கொஞ்ச நாளா அந்தத் திசையிலதான் யோசிச்சிட்டிருந்தோம்," என்றான். தின்ற மீன் இன்னும் செரித்திருக்காது, அதற்குள் எப்படி நாக்குப் புரள்கிறது பார் என்று ரிக்மோருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாரென் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் ஹெல்விக் அம்மாள், குரலைத் தாழ்த்தி. "நீங்க அவரோட மனைவி. ஒரு ராத்திரியாவது உங்களுக்கே சந்தேகம் வந்ததில்லையா? அவர் திறந்து போட்டிருப்பாரோன்னு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ரிக்மோருக்குப் பொய் சொல்ல வராது.

"வந்திருக்கு. முதல் வருஷம் பூரா வந்துச்சு. அவன் அவசரக்காரன். வீட்டுலயும் கதவைச் சாத்தமாட்டான், நான்தான் பின்னாலயே போய்ச் சாத்துவேன். அந்தச் சந்தேகம் என்னைத் தின்னுதுங்க. அதனாலதான் கீழ போய்ப் பாக்கணும்ங்கறேன். உங்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கணும். எனக்கு அது தொலையணும்."

அந்த அம்மாளின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தண்ணீரோடு அவர் திரும்பிப் பார்த்தது தோர்கில்ட்டை. "கேட்டீங்களா? வீட்டுலயும் கதவைச் சாத்தமாட்டான்! இதுதான் படம். இதை கேமரால சொல்ல வெச்சிடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

ஆற்றங்கரையில் துணி துவைப்பவள் கல்லில் அறைகிற மாதிரி எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் அறைய வேண்டும் என்று ரிக்மோருக்குக் கை துறுதுறுத்தது. அறையவில்லை. நெஞ்சைத் திறந்து காட்டினால் அதில் தங்களுக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறார்களே, மீனைக்கூட நாங்கள் இதைவிட மரியாதையாக வெட்டுவோமே என்று நினைத்து எழுந்து வெளியே வந்தாள்.

மறுநாள் மாரெனின் காரில் நாட்டைக் குறுக்கே கடந்து இரண்டு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் ரிக்மோர் தலையில் கை வைத்துக்கொண்டாள். யூத்தெ வீட்டுக் கம்பத்தில் விசேஷ நாளுக்கு ஏற்றுகிற நாட்டுக் கொடி பறந்தது. பிறந்தநாளும் இல்லை, யாருக்கும் கல்யாணமும் இல்லை. அடுத்த வீட்டிலும் கொடி, ஆலை வாசலிலும் கொடி. மேற்குக் காற்றில் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. கெர்தா வீட்டுக் கம்பம் மட்டும் வெறுமனே நின்றது. அதன் ஜன்னலில் திரை விலகி, பிறகு மூடிக்கொண்டது.

யூத்தெ கேக் தட்டோடு எதிரே ஓடி வந்தாள். "என்னைக்கு இறங்கறாங்க? எங்க வீட்டுக்காரர் தன் படகைத் தர்றேங்கறார்."

"கொடியை இறக்குடி," என்றாள் ரிக்மோர். "யாரும் இறங்கல."

"ஐயோ! இருக்கோம்னு அவ சொன்னதாச் சொன்னியே?"

"சொன்னா. அந்த ஊர்ல அதுக்கு அர்த்தம் வேறயாம்."

கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள். சமையலறையில் மாரென் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். ரிக்மோர் காப்பி போட்டு, கறுப்பு ரொட்டியை வெட்டி, தடவிக்கொள்ள ஈரல் பசையை எடுத்து வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"தின்னு."

"அத்தை, என்னைத் திட்டிடுங்க."

"தின்னுட்டுக் கேளு. அவன் நாக்கு அப்படிப் புரளும்போது நீ எதுக்கு ஜன்னலைப் பாத்தே? வெளிய என்ன, உங்க மாமாவா நின்னுட்டிருந்தான்?"

மாரென் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "ஜெர்மன்காரங்க பணம் போட்டாத்தான் நம்ம நாட்டு டிவியும் போடும். நம்ம டிவி போட்டாத்தான் அரசாங்கப் பணம் வரும். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சிட்டு நிக்கறாங்க, ஒருத்தர் விட்டா எல்லாம் போச்சு. மூணு வருஷமா சம்பளம் இல்லாம வெட்டி வெட்டி ஒட்டிட்டிருக்கேன். படமே இல்லாமப் போறதுக்கு, ஒரு படமாவது இருக்கட்டும்னு நினைச்சிட்டேன். எனக்கும் அவர் மாமாதானே?"

"உன் படத்துல உன் மாமன் திறந்து போட்டவனா, மூடினவனா?"

"ரெண்டும் இல்ல. தெரியாது."

"அது ஏற்கெனவே ஊர்ல ஓடிட்டிருக்கற படம்டி. அதுக்கு எதுக்கு ஜெர்மன்காரி?"

ரிக்மோர் அவள் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள். "அவ கையெழுத்துப் போட்டாச்சா?"

"நாம படம் எடுத்து, நீங்க கேமரா முன்னால அதைச் சொன்னாப் போடுவாங்க."

"நானும் உனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தவதானே. நான் ஏலத்துல வளர்ந்தவ, சொன்னா மாற மாட்டேன். வரச் சொல்லு. எடுக்கட்டும்."

மாசியில் வந்தார்கள். துறைமுகத்துப் படிகளில் உப்பும் பனியும் சேர்ந்து உறைந்திருந்தது. தோர்கில்ட் நகரத்து ஷூவோடு வந்து முதல் நாளே வழுக்கி விழுந்தான். மாரென் கேமராவைப் பிடித்துக்கொள்ள, அவன் பக்கத்தில் உட்கார்ந்து இதமாகக் கேள்வி கேட்டான்.

"காலையில எழுந்ததும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்?"

ரிக்மோர் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "கீழ போய்க் கதவைப் பாத்துட்டு வாங்க."

"சரிங்க. அதுக்கப்புறம் வருவோம். அவர் வீட்டுல எப்படி? கதவெல்லாம் சாத்தமாட்டார்னு அன்னைக்குச் சொன்னீங்களே..."

"கீழ போய்க் கதவைப் பாத்துட்டு வாங்க."

உருளைக்கிழங்கு உரிக்கும்போது கேட்டான். கல்லறையில் கேட்டான். கடற்கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்துக் கேட்டான். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், நடக்கச் சொன்னால் நடந்தாள். வாயைத் திறந்தால் அந்த ஒரே வாக்கியம். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. எப்படி வெட்டினாலும் அதைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டாள். ஆலைப் பெண்களுக்கு இது நல்ல வேடிக்கையாகிப் போனது. காப்பி நேரத்தில் யூத்தெ சர்க்கரை எங்கே என்று கேட்டால், மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி, "கீழ போய்ப் பாத்துட்டு வாடி," என்பாள். கொல்லென்று சிரிப்பார்கள். கெர்தா சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வாரம் தோர்கில்ட்டின் இதம் தீர்ந்துபோனது. "இதை வெச்சிக்கிட்டு நான் ஜெர்மனிக்கு என்ன அனுப்பறது? எத்தனை நாளைக்கு இப்படியே சொல்லிட்டிருப்பீங்க?"

ரிக்மோர் அதற்கும் அதையே சொன்னாள்.

அப்போதுதான் அவனுக்கு கெர்தாவின் ஞாபகம் வந்தது. மாரென் வேண்டாம் என்று தடுத்தாள். ஊருக்கு இது நல்லதில்லை, அந்த அம்மாவை இழுக்காதே என்றாள். "எதிர்த் தரப்பு இல்லாம படம் ஏது?" என்று அவன் ஆலைக்குள்ளேயே கேமராவை எடுத்து வரச் சொன்னான். இந்தக் கிழவி புருஷனைக் காப்பாற்றட்டும், அந்தக் கிழவி சாபம் கொடுக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் தன் படம் கிடைத்துவிடும் என்று அவன் கணக்கு. மாரென் உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைத் தோளில் ஏற்றினாள்.

வெட்டு மேஜையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்களும் கத்தியை ஓட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டார்கள். ரிக்மோர் தலையைத் தூக்கவில்லை. நாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது இன்றைக்கு எல்லார் காதிலும் விழப்போகிறது. கையிலிருந்த மீன் சரியாக அறுபடாமல் சதை பிய்ந்தது.

"கெர்தா அம்மா," என்றான் தோர்கில்ட். "உங்க மகன் பல்லெ அந்தப் படகுலதான் போனான். இவங்க புருஷனைப் பத்தி உங்க மனசுல இருக்கறதை நீங்க தயங்காமச் சொல்லலாம்."

கெர்தா கத்தியை ஏப்ரனில் இரண்டு பக்கமும் துடைத்துக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். ஐஸ் தண்ணீரில் கிடந்து விரல்கள் சிவந்து தடித்திருந்தன.

"நான் ஏவால்டைத் திட்டணும்னுதானே தம்பி வந்திருக்கே?"

"அப்படியில்லீங்க, உங்க தரப்பு..."

"திட்டறேன். நாலு வருஷமா திட்டிட்டுதான் இருக்கேன். காலையில கண்ணு முழிக்கறப்போ திட்டறேன், ராத்திரி படுக்கறப்போ திட்டறேன். இவ மூஞ்சியைப் பாத்து வாயால திட்ட முடியாம இந்த மேஜையில நின்னு மனசுக்குள்ள திட்டறேன். என் மகனைக் கொன்னுட்டான்னு."

ரிக்மோரின் கத்தி நின்றுவிட்டது. தோர்கில்ட் கேமரா ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

"ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு," என்றாள் கெர்தா. "கதவு மூடியிருந்துச்சா? மூடியிருந்தா நான் இவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எனக்கு எழுபது வயசாகப் போகுது, அதுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு? திறந்திருந்தா, நான் திட்டினது சரி, சாகற வரைக்கும் திட்டிக்கிட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும். உனக்கும் அந்த ஜெர்மன்காரிக்கும் ரெண்டுமே வேண்டாமாமே? ஊர்ல பேசிக்கறாங்க. எங்களை இப்படியே எதிரெதிர நிறுத்தி வெச்சாத்தான் பாக்க நல்லா இருக்குமாமே?"

"அது அப்படி இல்லீங்க... நிறுத்து, மாரென், கொஞ்சம் நிறுத்து," என்று தோர்கில்ட் உள்ளங்கையைக் காட்டினான்.

மாரென் நிறுத்தவில்லை. கெர்தாவின் முகத்திலிருந்து கேமராவை மெதுவாகத் திருப்பி அவன் முகத்துக்குக் கொண்டுவந்தாள். அவன் ஒரு எட்டுப் பின்னால் போனான். கேமராவும் ஒரு எட்டு முன்னால் போனது. யூத்தெ கையை நீட்டி மேஜையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மூடினாள், அவன் பதில் சொன்னால் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று.

ரிக்மோர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து கெர்தாவின் பக்கத்தில் நின்றாள். கெர்தா நகரவில்லை.

"சொல்லு தம்பி," என்றாள் கெர்தா. "கீழ எப்பப் போறே?"